கடலிற் குடியிருந்து கடலை அறிதல்

கொட்டாஞ்சேனையில் வாழ்வோருக்குக் கடல் அயல்வீட்டார் போன்றது. நாடோறும் அதன் குரலைக் கேட்கிறோம், உள்வீட்டைக் கண்டதில்லை. துறைமுகத்துட் புகும் கப்பலின் ஊதொலி நம் தெருக்கள்வரை எட்டுகிறது. வெள்ளவத்தையில் உள்ளாருக்கோ புகையிரதப் பாதைக்கு அப்பால் அலை நிற்கிறது. ஆயினும் அவ்வலைக்குக் கீழே என்ன உண்டு என்று வினவினால், பட்டணத்தாருட் பெரும்பாலார் மீன்சந்தையிற் கண்டதையன்றி வேறு சொல்ல வல்லரல்லர். இக்குறையை ஓரளவு நீக்கவல்ல பயணமுறையொன்று இக்காலத்தில் வெப்பமண்டலக் கடல்களெங்கும் பரவியுள்ளது. பயணிகள் ஒரு வாரமோ பத்து நாளோ படகிலேயே உண்டு உறங்கி, நாளொன்றுக்குப் பலமுறை சுழியோடி, கடல்வாழ் உயிர்களைக் கண்டு திரும்புவர். ஆங்கிலத்தில் ‘லிவ்அபோர்ட்’ எனப்படும் இதனை நாம் தங்குபடகுப் பயணம் எனலாம். அது யாது, எவ்வாறு நடைபெறுவது, அதனால் விளைந்த அறிவு யாது, அதன்பொருட்டு நாம் செலுத்தவேண்டிய கடன் யாது என்பவற்றைப் பழைய மாணவர்க்கும் இன்று பயில்வோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுழியோடுதல் நம்மவர்க்குப் புதுத்தொழிலன்று. மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் கரைகளில் நிகழ்ந்த முத்துச் சலாபங்களிற் சுழியோடிகள் கல்லின் பாரத்தால் விரைந்து கீழிறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மீண்டனர். அவர்தம் வள்ளங்கள் இரவிற் கரைக்காற்றோடு புறப்பட்டுப் பிற்பகலிற் கடற்காற்றோடு கரைசேரும். அவர்கள் கடலின் அடியைத் தொட்டனர். ஆயினும் அங்கே நின்று நோக்க நேரம் பெற்றாரல்லர். அந்நேரத்தை மனிதனுக்கு அளித்தது, 1943ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டில் ஜாக் கூஸ்தோ, எமில் கஞ்ஞான் என்னும் இருவர் அமைத்த சுவாசக் கருவியே. முதுகிற் சுமக்கும் உருளையினுள் அடைத்த காற்றை, சூழ்ந்துள்ள நீரின் அமுக்கத்துக்கு ஒப்ப, மூச்சு இழுக்கும்போது மட்டும் அது அளிக்கும்.

இலங்கைக் கடலில் அக்கருவியின் பயனை உலகறியச் செய்தோர் ஆதர் சி. கிளார்க், மைக் வில்சன் என்னும் இருவராவர். 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அவர்கள், திருக்கோணமலையிற் சுவாமிமலையின் அடிக்கடலிற் சுழியோடி, பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்குகற்களையும் கண்டனர். வில்சன் கடலடியிலிருந்து மீட்ட இலிங்கம் பின்னர்க் கோயிலைச் சேர்ந்தது. அவரும் பின்னாளிற் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி எனப் பெயர் பெற்றார். கடலுள் இறங்குதல் வெறும் பொழுதுபோக்கு அன்று, இழந்ததை மீட்பதும் அறியாததை அறிவதுமாம் என்பதற்குச் சைவ மக்களாகிய நமக்கு இதனினும் அணித்தான சான்று வேண்டா.

கரையிலிருந்து காலையிற் சென்று மாலையில் மீளும் படகு போதாதோ எனிற் கூறுதும். சிறந்த முருகைக்கற்பார்கள் பலவும் கரைக்கு நெடுந்தொலைவில் உள்ளன. கொழும்பிலிருந்து வானூர்தியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அடையத்தக்க மாலைதீவை எடுத்துக்கொள்வோம். முருகைக்கற்பார் வளையமாகச் சூழ்ந்த தீவுக்கூட்டங்கள் இருபத்தாறு, வடக்குத் தெற்காக 800 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. அத்தகைய கூட்டத்தைக் குறிக்கும் ‘அற்றோல்’ என்னும் ஆங்கிலச் சொல்லே மாலைதீவு மொழியிலிருந்து சென்றதாகும். ஒரு தீவிற் தங்கியிருப்பவர் அதன் அயற்பார்களை மட்டுமே காண்பர். படகிற் தங்கியிருப்பவரோ இரவிற் கடலிடை நங்கூரமிட்டு உறங்கி, விடியற்காலையில் வேறொரு பாரின் அருகே சுழியோடத் தக்கவராவர். அங்கே தாய்ப்படகு ஒன்றும், அதனைத் தொடர்ந்து வரும் தோணி ஒன்றும் இருப்பது வழக்கம். உருளைகளும் அவற்றிற் காற்றடைக்கும் இயந்திரமும் தோணியில் இருத்தலால், இயந்திரத்தின் இரைச்சலும் புகையும் தாய்ப்படகில் உறங்குவோரைத் தாக்கா. அத்தோணியை அவர்களும் ‘தோனி’ என்றே வழங்குவது கேட்கத் தமிழர் செவிக்கு இனிதாம்.

படகில் ஒருநாள் கழியும் முறை எளியது. பொழுது புலர்ந்ததும் ஒரு சுழியோட்டம், பின் காலையுணவு. முற்பகலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. சிலநாள் இருட்டியபின் விளக்கேந்தி மற்றொன்று. இவற்றுக்கிடையே சிலமணி நேர ஓய்வு கட்டாயமாகும். அவ்வோய்வு சோம்பலன்று, உடலின் இயல்பு அதனை வேண்டுகிறது. கடலிற் பத்து மீற்றர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். முப்பது மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பினும் நான்கு மடங்காகும். எனவே மேலே ஒரு மணி நேரம் போதுமான காற்று அங்கே கால்மணியிற் தீர்ந்துவிடும். அன்றியும் அமுக்கத்தின்கீழ்ச் சுவாசித்த காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைந்து தங்கும். சோடாப் போத்தலைச் சட்டெனத் திறந்தாற் குமிழிகள் பொங்குமாறு போல, சுழியோடி விரைந்து மேலெழின் அந்நைதரசன் உடலினுள்ளே குமிழியாகி மூட்டுக்களையும் நரம்புகளையும் தாக்கும். ஆகையால் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாமல் எழுதலும், ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தாமதித்தலும், எழும்போது மூச்சை அடக்காமையும் எங்கும் கற்பிக்கப்படும் விதிகளாம். பலநாள் சுழியோடியவர் பதினெட்டு மணி நேரமேனும் கழித்தே வானூர்தியில் ஏறல்வேண்டும். எனவே பயணத்தின் இறுதிநாளிற் பெரும்பாலும் சுழியோட்டம் இராது. மாலைதீவில் முப்பது மீற்றருக்குக் கீழே பொழுதுபோக்குச் சுழியோடிகள் இறங்குதலை விதியே தடுத்துள்ளது.

கடலிற் குடியிருத்தலுக்கு உரிய மற்றோர் ஆபத்து நீருக்குள் அன்று, படகினுள்ளே உள்ளது. 2019ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள் அதிகாலையிற் கலிபோர்ணியாக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ‘கொன்செப்ஷன்’ என்னும் சுழியோடற் படகு தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் உறங்கிய முப்பத்துமூன்று பயணிகளும் பணியாளர் ஒருவரும் மாண்டனர். மேற்தளத்தில் உறங்கிய ஐவர் மட்டும் தப்பினர். கீழ்த்தளத்தின் இரு வழிகளும் தீப்பற்றிய ஒரே அறைக்கே சென்றன. அனைவரும் உறங்கியபோது விழித்திருந்து காவல்செய்ய ஒருவர்தாமும் இருந்திலர். அவ்விரவிற் காவலர் ஒருவர் படகைச் சுற்றி வந்திருப்பின் தீ சிறிதாயிருக்கும்போதே அறியப்பட்டிருக்கும். 2024ஆம் ஆண்டு நவம்பரிற் செங்கடலில் ‘சீ ஸ்டோரி’ என்னும் தங்குபடகு அதிகாலையிற் கவிழ்ந்தபோதும், தம் அறைகளில் இருந்தோருட் சிலர் வெளியேற வழியின்றி அகப்பட்டனர். ஆதலாற் படகேறுவோர் உணவும் அறையும் எத்தகையன என்று கேட்குமுன், இரவிற் காவல் இருப்பவர் யார், அறையிலிருந்து வெளியேற இரண்டாம் வழி எது, அது எங்கே சென்று திறக்கும், உயிர்காப்பு அங்கிகள் எங்கே உள்ளன என்று கேட்டறிதல் வேண்டும். நாணத்தால் இவ்வினாக்களை விழுங்குதல் தகாது.

இத்தனை ஒழுங்கையும் ஏற்றுக்கொண்டவர் காண்பன யாவை? மாலைதீவின் பா தீவுக்கூட்டத்தில் ஹனிபாரு என்னும் குடாவிற் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நுண்ணுயிர்கள் திரண்டு சேர, அவற்றை உண்ண ஆனைத்திருக்கைகள் கூட்டங்கூட்டமாக வரும். அங்கே காற்றுருளையோடு இறங்குதல் தடுக்கப்பட்டுள்ளது. நீந்தி மேலிருந்தே காணலாம். சுழியோடிகள் விடும் குமிழிகள் உண்ணும் உயிருக்கு இடையூறு ஆகாமைப்பொருட்டு அவ்விதி. தெற்கு ஆரி தீவுக்கூட்டத்தில் மீனினத்துட் பெரியதாகிய திமிங்கிலச் சுறாவை ஆண்டு முழுவதும் காணலாம். 2010ஆம் ஆண்டில் மாலைதீவு சுறா பிடித்தலையே தடைசெய்தது. உயிரோடு உலவும் சுறா, பிடிபட்ட சுறாவினும் நாட்டுக்குப் பெருவருவாய் தரும் என்று அவர்கள் கண்டுகொண்டமை அதற்கு ஒரு காரணமாகும்.

இனி, தங்குபடகால் விளைந்த பெரும் பயனை நம் நாட்டிலேயே காண்போம். 1979ஆம் ஆண்டில் அனைத்துலகத் திமிங்கில ஆணைக்குழு இந்துசமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவித்தது. கொல்லுதல் நின்றபின், கொல்லாமலே திமிங்கிலத்தை ஆராய்வது எவ்வாறு என்னும் வினா எழுந்தது. அவ்வினாவுக்கு விடைகாண, உலக வனசீவராசி நிதியத்தின் உதவியோடு பத்து மீற்றர் நீளமான ‘டுலிப்’ என்னும் பாய்க்கப்பலிற் சில இளைஞர் 1982 முதல் 1984 வரை இக்கடலில் வாழ்ந்தனர். ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலியோர் அதில் முதன்மையானவர். திருக்கோணமலைக்கு அப்பால், அம்பர் தரும் பெருந்தலைத் திமிங்கிலங்களை அவர்கள் தொடர்ந்த முறை வியப்புக்குரியது. அவ்விலங்கு நீருள் நாற்பது நிமிடத்துக்கு மேலும் மறைந்திருக்கும். கண்ணை நம்பிப் பின்தொடர இயலாது. ஆனால் அது நீருள் இடைவிடாது ‘டிக், டிக்’ என ஒலியெழுப்பும். நீருள் ஒலிவாங்கியை இறக்கி அவ்வொலி வரும் திசையறிந்து, இரவும் பகலும் முறைவைத்துக் காதுகொடுத்து, அவற்றோடு உடன்சென்றனர். பகலிற் சென்று மாலையிற் திரும்பும் படகுக்கு இது கைகூடாது. பெண்விலங்குகளும் குட்டிகளும் குடும்பமாக வாழும் இயல்பை உயிரோடு உள்ளபடியே காண வாய்த்தது இம்முறையாலேயே. உலகத்து விலங்குகளுட் பெரியதாகிய நீலத்திமிங்கிலம் திருக்கோணமலைக்கு இத்துணை அணித்தாக உலவுதலும் அப்போது ஆராய்ச்சியாளர் கவனத்துக்கு வந்தது.

அப்பாடம் நம் கடலில் நெடிது தொடர்ந்திலது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்பின் மூண்ட போர், மீனவர்க்கே தடைப்பட்டதாக அக்கடலை ஆக்கிற்று. வைட்ஹெட் 1985இற் பசிபிக் சமுத்திரத்துக் கலாபகசுத் தீவுகளுக்குச் சென்று தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். நம் முற்றத்திற் தொடங்கிய கல்வி வேறொரு கடலில் வளர்ந்தது. போர் தின்ற செல்வங்களை எண்ணுவோர் இதனையும் எண்ணுதல் தகும்.

எனினும் விளக்கு முற்றும் அணைந்துவிடவில்லை. 2003ஆம் ஆண்டில் ‘ஒடிசி’ என்னும் ஆராய்ச்சிக் கப்பலிற் சேர்ந்த ஆஷா டி வொஸ் என்னும் இலங்கைப் பெண்மணி, நம் தென்கடலில் நீலத்திமிங்கிலங்களைக் கண்டார். அவை குளிர்கடலுக்குச் சென்று உண்டு, வெப்பக்கடலுக்கு வந்து ஈனும் என்று நூல்கள் கூறின. இவையோ இவ்வெப்பக் கடலிலேயே உண்டு வாழ்ந்தன. அவ்வேறுபாடு ஏன் என்னும் வினாவே அவர்தம் வாழ்நாட் பணியாயிற்று. இத்திமிங்கிலங்களுக்கு நம் கடலிற் கூனியிறாலினமொன்று உணவாவதும் பின்னர் அறியப்பட்டது.

அறிந்தபின் கடமை வரும். தேவேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் பெருங் கப்பற்பாதைகளுள் ஒன்று, நீலத்திமிங்கிலங்கள் உண்ணும் இடத்தினூடே செல்கிறது. 2012ஆம் ஆண்டிற் கொள்கலக் கப்பலொன்று, தன் முகப்பிற் குறுக்கே கிடந்த நீலத்திமிங்கிலத்தின் உடலோடு கொழும்புத் துறைமுகத்துட் புகுந்தது. கொட்டாஞ்சேனை மேட்டிலிருந்து நாம் நோக்கும் அதே துறைமுகந்தான். கப்பலோட்டியவர் மோதியதையே அறியாதிருத்தல் கூடும். பாதையைச் சிறிது தெற்கே தள்ளினால் மோதல் பெரிதும் குறையும் என ஆராய்ச்சியாளர் காட்டினர்; 2022ஆம் ஆண்டிற் பெருங் கப்பற் கொம்பனியாகிய எம்.எஸ்.ஸி. தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. படகிற் தங்கிக் குறிப்பெழுதியோர் சிலரின் பொறுமை, மாபெருங் கப்பல்களின் வழியைத் திருப்பத் துணையாயிற்று என்பது மாணவர் மனங்கொள்ளத் தக்கது. 2021ஆம் ஆண்டு மே மாதத்திற் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ எரிந்து, நம் கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கியதையும் மறந்துவிடலாகாது. 1998, 2016, 2024 ஆகிய ஆண்டுகளிற் கடல்நீர் மிகச் சூடேறி முருகைகள் வெளிறிய துன்பமும் இவற்றோடு சேர்ந்தது.

நம் கடலைக் காண விரும்புவோர் காற்றறிந்து செல்க. சோழகம் வீசும் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, கிழக்குக் கரையும் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவும் தெளிந்திருக்கும். நவம்பர் முதல் ஏப்பிரில் வரை மேற்கும் தெற்கும் தெளியும். முருகையின்மேற் காலூன்றற்க, நங்கூரத்தை அதன்மேல் எறிய விடற்க, விலங்கின் வழியை மறிக்கற்க. செல்வம் உடைய பழைய மாணவர் மாலைதீவுப் படகிலே ஒரு வாரம் தங்கி வரலாம். அவ்வாய்ப்பு இல்லாத மாணவர் முதலில் நீந்தப் பழகுக. தீவில் வாழும் நம் பிள்ளைகளுட் பலர் நீந்த அறியாதிருத்தல், கடலை இழந்ததற்கு முதலடையாளம். நீந்தியபின் நோக்கவும், நோக்கியதைத் தேதியிட்டுக் குறித்துவைக்கவும் பழகுக. ‘டுலிப்’ கப்பலில் இருந்தோரிடம் பெரிய இயந்திரமோ பெருஞ்செல்வமோ இருந்ததில்லை. இருந்தவை ஒரு சிறு பாய்க்கப்பலும், ஓர் ஒலிவாங்கியும், உறக்கத்தை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஒற்றுமையுமே. இவ்வொற்றுமையும் பொறுமையும் நம் கல்லூரி தன் மைந்தர்க்கு என்றும் ஊட்டி வந்தவை. அவற்றோடு கடலின் உள்வீட்டுக்குச் செல்வோர் நம்மவருள்ளும் பெருகுவாராக.