கண்ணுக்குள்ளே ஒரு ஆடிட்!

ஈவினிங் ஷோவுக்கு நண்பனைக் கூப்பிடப் போனேன். கண் ஆஸ்பத்திரி ஒன்றின் பெத்தாலஜி லேபில் டெக்னீஷியன் அவன். 'ரெடியா இருடா'ன்னு சொல்லியிருந்தும், ஆசாமி கர்மசிரத்தையாக ஒரு மெழுகுக் கட்டியைச் சீவிக்கொண்டிருந்தான்.

"என்னடா, கார்த்திகைக்கு மெழுகுவர்த்தி பண்றியா?"

"இது ரெண்டு வயசுக் குழந்தையோட கண்" என்றான்.

என் ஜோக் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ரெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத்தான் பிடிக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் லேசர், கீமோதெரபி என்று கண்ணையே காப்பாற்ற வழியுண்டு. முற்றிவிட்டால், உயிருக்காகக் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் நம்மாள் வேலை.

பி.காம். மூளைக்கும் புரிகிற மாதிரி சொன்னான். எடுத்த கண்ணை முதலில் பார்மலினில் ஒன்றிரண்டு நாள் ஊறப் போட வேண்டும். அவசரப்பட்டால் திசு கொழகொழ. அப்புறம், கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே, பார்வை நரம்பின் அறுபட்ட நுனியில் ஒரு சின்னத் துண்டு நறுக்கித் தனியாக வைத்துவிட வேண்டும்.

"அதுக்கு மட்டும் ஏன்டா முதல் மரியாதை?"

"கண்ணை அறுத்த கத்தியில கேன்சர் செல் ஒட்டியிருக்கும். அதே கத்தி நரம்புல பட்டா, அங்கேயும் பரவிடுச்சுன்னு தப்பா ரிப்போர்ட் போயிடலாம். பச்சைப் புள்ளைக்கு அநாவசியமா மருந்து ஏத்துவாங்க."

ஒரு கணக்கை இன்னொன்றில் கலக்காதே! என் ஆடிட்டர் தலையில் குட்டிச் சொல்லித்தந்த அதே பாடம்.

அடுத்து ஆல்கஹால். (சப்புக்கொட்டாதீர்கள்!) 70, 95, 100 சதவிகிதம் என்று படிப்படியாக ஏற்றி, திசுவிலுள்ள தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். பிறகு சைலீன். பிறகு 60 டிகிரி வாக்கில் உருக்கிய பாரஃபின் மெழுகு. இறுகிய கட்டியை மைக்ரோடோம் மெஷினில் நாலைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்துகிறான். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது! கடைசியில் சாயம். ஹெமட்டாக்ஸிலின் பட்டால் செல்லின் உட்கரு நீலம். இயோசின் பட்டால் மற்றதெல்லாம் ரோஸ்.

இதற்குள் இடைவேளையே முடிந்திருக்கும். இருந்தும் கிளம்ப மனசு வரவில்லை. டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். எனக்கு பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி வயிறு கலங்கியது.

"நரம்பு நுனி க்ளியர். மிச்ச ஸ்லைடையும் பார்த்துட்டு எழுதறேன்."

எனக்கும் காட்டினார். ரோஸ் பின்னணியில் சமர்த்தாக வரிசை கட்டி நின்ற நீலப் புள்ளிகள். முண்டியடிக்கும் கூட்டம் இல்லை.

சினிமா டிக்கெட் ரெண்டும் தண்டம். யாருக்கு வருத்தம்?

வெளியே வரும்போது நண்பன் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் உங்கள் வீட்டுக் குட்டியின் கண்மணி பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னுகிறதா? 'கேமரா கோளாறு' என்று விடாதீர்கள். லீவு போட்டாவது கண் டாக்டரிடம் ஓடுங்கள். மானேஜர் முறைத்தால் முறைக்கட்டும்!