டீசலுக்குள் தண்ணீர் வருவது எப்படி?

குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்த டீசல் மோட்டார்ஹோமை மறுபடி கிளப்பும்முன், தானே பராமரிக்கும் அமெரிக்க உரிமையாளர் குனிந்து பார்க்க வேண்டிய இடம், டீசல் ஃபில்டரின் அடிக்கிண்ணம். அங்கேதான் தண்ணீர் தேங்கும்.

டாங்க் பாதி காலியாக இருந்தால் மீதி இடத்தில் ஈரக்காற்று. இரவில் டாங்க் குளிர்ந்ததும் உட்சுவர் வியர்த்து வடிகிறது. ஒரு லிட்டர் டீசல் சுமார் 0.84 கிலோ, தண்ணீரோ 1 கிலோ. எனவே நீர் டாங்கின் அடியிலும், டீசலோடு இழுபட்டு வந்தால் ஃபில்டர் கிண்ணத்தின் அடியிலும் போய் உட்காரும். நிறுத்தும்முன் டாங்கை நிரப்பச் சொல்வது இதற்காகத்தான்.

சொட்டுத் தண்ணீரால் என்ன கெடும்? காமன் ரெயில் இன்ஜினின் உயர் அழுத்தப் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலே மசகு. அழுத்தமோ பல இன்ஜின்களில் 1,600 பாரைத் தாண்டும். அங்கே நீர் புகுந்தால் மசகுப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தை உரசும், துருவும் பிடிக்கும். இன்னொரு தொல்லை, நீரும் டீசலும் தொடும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறி, டீசலையே தின்று, கறுத்த சளியாகப் பெருகி ஃபில்டரை அடைப்பது. டீசலைத் தின்று வாழும் உயிருக்கும் தண்ணீர் வேண்டியிருக்கிறது!

வடிப்பது எளிது. இன்ஜினை அணைத்து, கிண்ணத்தடித் திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை பாத்திரத்தில் பிடிக்கலாம். ஃபில்டரை மாற்றும்போதுதான் கவனம் தேவை. புதியதில் கேனிலிருந்து டீசலை ஊற்றினால் தூசி நேரே இன்ஜெக்டருக்குப் போகக்கூடும். கைப்பம்ப் இருந்தால் அதை அழுத்தியே நிரப்பி, காற்றை வெளியேற்றுவது நல்லது. காற்று எளிதில் அமுங்கும். குழாயில் குமிழி நின்றால் அழுத்தம் ஏறாது, இன்ஜினும் கிளம்பாது.