ரோமாபுரிக் குழந்தை வீடும் பழவேற்காட்டுப் பால்வாடியும்

பொழுது இன்னும் விடியவில்லை. பழவேற்காடு ஏரியில் வலை போட்டவர்கள் திரும்பி வருகிறார்கள். குப்பத்துப் பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்கு விரைகிறார்கள். இறால், நண்டு, மடவை மீன் - எது வந்தாலும் ஏலம் எடுத்தாக வேண்டும். எடுத்ததை வெயில் ஏறுமுன் விற்றாக வேண்டும்.

வீட்டில் மூன்று வயதுக் குழந்தை தூங்குகிறது. அது கண் விழிக்கும்போது அம்மா இருக்கமாட்டாள்.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால் அக்காள். அவளுக்கே எட்டு வயதுதான் இருக்கும்! தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அவள் மட்டம் போட வேண்டியதுதான். சற்று நடந்தால் ஏரி. தண்ணீர் ஓரத்தில் பிள்ளை தனியாக விளையாடுமோ என்று நினைத்தால், கூடை சுமக்கும் தாய்க்கு நெஞ்சு பதறாதா?

இந்தக் கவலைக்கு மருந்தாக வந்ததுதான் பால்வாடி. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள இந்தக் குப்பங்களுக்கு அது எங்கிருந்து வந்தது? கதை இத்தாலி நாட்டிலே தொடங்குகிறது.

சுவரில் கிறுக்கிய பிள்ளைகள்

ரோம் நகரில் சான் லொரென்சோ என்று ஓர் ஏழைகள் பேட்டை. அங்கே தாயும் தகப்பனும் விடிந்ததும் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்தன. புதிதாக வெள்ளையடித்த சுவர்களில் கிறுக்கின. கட்டடக்காரர்கள் பார்த்தார்கள். சுவரைக் காப்பாற்ற வேண்டுமானால் பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து வைக்க ஆள் வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

அந்தப் பொறுப்பு ஒரு பெண் டாக்டரிடம் வந்தது. அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார்.

1907 ஜனவரி 6-ந் தேதி 'குழந்தைகள் வீடு' திறக்கப்பட்டது. சுமார் 50 பிள்ளைகள் சேர்ந்தனர். அம்மையார் மரக்கட்டைகளையும் வண்ணப் பலகைகளையும் கொடுத்துப் பார்த்தார். அழுக்குச் சட்டையோடு வந்த பிள்ளைகள் அவற்றை அடுக்குவதும் பிரிப்பதுமாக மணிக்கணக்கில் மூழ்கிப் போனார்கள். அடியும் இல்லை, மிட்டாயும் இல்லை! செய்தி பரவியது. அம்மையார் எழுதிய புத்தகம் பல மொழிகளில் வந்தது.

மீசை வைத்த அம்மா

அந்தப் புத்தகம் குஜராத்தில் ஒரு வக்கீலின் கைக்குக் கிடைத்தது. அவர் பெயர் கிஜுபாய் பதேகா. தமக்கு மகன் பிறந்த பிறகு, பிள்ளை வளர்ப்பது எப்படி என்று தேடிப் படித்தவர். படித்ததும் கோர்ட்டை விட்டார். 1920-ல் பாவ்நகரில் குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். ஊரார் அவருக்கு 'மீசை வைத்த அம்மா' என்று பெயர் வைத்தார்கள்.

தாராபாய் மோடக் என்ற மராட்டியப் பெண்மணி, ராஜ்கோட்டில் பார்த்து வந்த நல்ல வேலையை உதறிவிட்டு அவருடன் சேர்ந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாற்றுக்கு வந்த விருந்தாளி

1939-ம் ஆண்டின் கடைசியில் மாண்டிசோரி அம்மையாரே சென்னைக்கு வந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 69. அழைத்தவர்கள் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், அவருடைய மனைவி ருக்மிணி தேவியும்.

முதல் பயிற்சி வகுப்பிலேயே 300-க்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலி மொழியில் பேசுவார். மகன் மரியோ அதை இங்கிலீஷில் சொல்வார்.

சில மாதங்கள் தங்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஆனால், 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. அம்மையாரும் மகனும் ஒரே நாளில் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள்! மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் சபையின் எல்லையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. 1940 ஆகஸ்டு 31-ந் தேதி அம்மையாருக்கு 70-வது பிறந்த நாள். வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. மகனுக்கு விடுதலை! வேறெந்தப் பரிசு அந்தத் தாய்க்கு வேண்டும்?

பிறகு கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். 1944-ல் இலங்கைக்குப் போய்ச் சொற்பொழிவு செய்தார். 1946-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் வந்தார். அவர் இந்தியாவில் பயிற்சி அளித்த ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

இங்கே கற்றதும் உண்டு

வெளிநாட்டு அறிஞர் வந்தார், நமக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று கதையை முடித்துவிடலாம். அது பாதிக் கதைதான்.

ரோம் நகரில் அவர் பார்த்த பிள்ளைகள் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள். இங்கே வந்த பிறகுதான் கைக்குழந்தைகளைப் பற்றி அவர் அதிகம் பேசத் தொடங்கினார். நம் ஊர்த் தாய் குழந்தையைத் தொட்டிலில் தனியே விட்டுவிடுவதில்லை. கடைக்குப் போனாலும் வேலைக்குப் போனாலும் இடுப்பிலே இருக்கும். நாலு பேர் பேசுவது அதன் காதில் விழும். கொடுக்கல் வாங்கல் அதன் கண்ணில் படும். பிறந்த நாளிலிருந்தே குழந்தை சுற்றியுள்ளதையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது என்று அம்மையார் விளக்கினார். அந்தச் சொற்பொழிவுகள் 1949-ல் சென்னையில் புத்தகமாக வெளிவந்தன. இன்று உலகம் முழுவதும் ஆசிரியர்கள் படிக்கும் புத்தகம் அது.

மரக்கட்டைக்குப் பதில் கிளிஞ்சல்

ஆனால், ஒரு சிக்கல் இருந்தது. மாண்டிசோரி முறைக்கு வேண்டிய சாமான்கள் விலை அதிகம். ஏழைகள் பேட்டையில் பிறந்த முறை, பணக்காரர் பிள்ளைகளின் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது! காந்திஜி 1931-ல் லண்டனில் அம்மையாரைச் சந்தித்தபோதே, ஏழைப் பிள்ளைகளுக்கும் இது கிடைக்க வேண்டும் என்ற ஆசையைச் சொன்னார்.

அதைச் செய்து காட்டியவர் தாராபாய். 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற கடலோர ஊருக்குப் போனார். அவருக்குத் துணை அனுதாய் வாக். 13 வயதில் மணமாகி, ஆறு மாதத்தில் கணவரை இழந்து, பின்பு படித்து ஆசிரியை ஆனவர்.

இருவரும் பள்ளி திறந்தார்கள். பிள்ளைகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கோபிக்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். குடிசை முற்றத்தில் கூட்டி உட்கார வைத்தார்கள். மரக்கட்டைக்குப் பதிலாகக் கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை. பெரியது சிறியது பிரிக்கக் கிளிஞ்சல் போதாதா? எண்ணுவதற்கு விதை போதாதா?

அங்கன் என்றால் முற்றம். முற்றத்தில் நடந்ததால் 'அங்கன்வாடி' என்று பெயர் வந்தது. பால்வாடி என்பதும் அந்தப் பக்கத்துச் சொல்தான். 'பால்' என்றால் அங்கே குழந்தை. பால் கொடுக்கும் இடம் என்று நம் ஊரில் நினைப்பவர்கள் உண்டு, அதிலும் தப்பில்லை. மீனவருக்கு வாடி என்பது பழகிய சொல். கடற்கரையில் கருவாட்டு வாடி இல்லையா?

சென்னையில் வாழ்ந்த மீனா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு, பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்து 1972-ல் அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2-ந் தேதி மத்திய அரசாங்கம் 33 இடங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1982 ஜூலை முதல் தேதி தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் பகல் சோறு கிடைத்தது. சோறு வந்த பிறகே பல தாய்மார் பிள்ளையை நம்பி அனுப்பினார்கள்.

விடியற்காலை யார் பொறுப்பு?

இன்று பழவேற்காட்டுக் குப்பங்களிலும் அங்கன்வாடி இருக்கிறது. பால்வாடி டீச்சர் இருக்கிறார். எடை பார்க்கிறார், சத்துமாவு கொடுக்கிறார், ஆடல் பாடல் சொல்லித் தருகிறார். 2021 முதல் அவர் கைபேசியிலும் வேலை வந்துவிட்டது. பிள்ளையின் எடை, உயரம், வருகை எல்லாம் அதில் பதிவாக வேண்டும்.

அந்தக் கைபேசி மேலே கணக்கு அனுப்பப் பயன்படுகிறது. சரி. ஆனால், பக்கவாட்டில் பேசவும் பயன்பட வேண்டாமா? கடலோரம் இலங்கையிலும் உண்டு, இந்தோனேசியாவிலும் உண்டு. அங்கெல்லாம் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர்களும் உண்டு. மாநாடுகளில் பெரிய அதிகாரிகள் சந்திக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு கிளிஞ்சல் எண்ணுகிறவர், வேறு நாட்டில் கிளிஞ்சல் எண்ணுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வழி வேண்டும்.

கேட்பதற்கு ஒரு கேள்வி தயாராகவே இருக்கிறது. மீன் ஏலம் விடியுமுன். அங்கன்வாடி திறப்பதோ வெயில் ஏறிய பிறகு. நடுவிலே உள்ள அந்த மூன்று நாலு மணி நேரம் குழந்தை யார் பொறுப்பு? உங்கள் ஊரில் என்ன செய்கிறீர்கள்?

பழவேற்காட்டாருக்கும் சொல்ல ஒன்று உண்டு. இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய வழக்கம். எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஏரிக்கு முறை வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளைக்கு முறை வைக்கத் தெரியாதா? ஒரு தெருவில் பத்துத் தாய்மார். நாளுக்கு ஒருத்தி ஏலத்துக்குப் போகாமல் நிற்கட்டும். மற்ற ஒன்பது பேர் வீட்டுப் பிள்ளைகளும் அவள் வாசலில் விளையாடட்டும். அன்றைக்கு அவள் இழக்கும் வரும்படியை ஒன்பது பேரும் பங்கு போட்டுக் கொடுக்கட்டும். ஒன்பது மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் அவளே கூட்டிப்போய்ப் பால்வாடி டீச்சரிடம் விட்டுவிடலாம்.