பெட்ரோல் விலையும் பால்மரமும்

பெட்ரோல் விலையேற்றம் நமது மோட்டார் சைக்கிளை மட்டுமே தொடும் என்று எண்ணலாகாது. தோட்டத்துப் பால்மரத்தையும் அது தொடுகின்றது.

1973 அக்டோபர் முதல் 1974 ஜனவரிக்குள் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. பெரிய கார்களை விரும்பிய அமெரிக்கர் பலர், சிக்கனமான ஜப்பானியச் சிறு கார்களை நாடினர். 1974இல் அந்நாட்டு அரசாங்கம் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாகக் கட்டுப்படுத்தியது. வண்டிகளின் ஓட்டம் குறைந்தால் டயர் தேய்வும் குறையும். ஆகவே, ரப்பருக்கு இது கேடு என்றே தோன்றும்.

ஆயினும், மறுபக்கமும் உண்டு. செயற்கை ரப்பர் எண்ணெயிலிருந்து பெறப்படுவதால், அதன் அடக்கவிலையும் ஏறியது. எரிபொருளை மிச்சப்படுத்தும் ரேடியல் டயர்கள் பரவின. பழைய வகை டயர்களைவிட அவற்றுக்கு இயற்கை ரப்பர் கூடுதலாக வேண்டும். ஓட்டத்தில் அது குறைவாகவே சூடேறும் என்பது அதற்கு ஒரு காரணம்.

நம் நாட்டிலும் 2008 ஜூன் 5ஆம் நாள் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாக உயர்ந்தது. உலக விலையை நாம் மாற்றவியலாது. செலவைக் குறைக்க இயலும். டயரில் காற்றுக் குறையாமல் காப்போம். மிதமான வேகத்தில் செல்வோம். பட்டணத்து வேலைகளை ஒரே பயணத்தில் முடிப்போம். புதிய வண்டி வாங்குங்கால், தோற்றத்தைக் காட்டிலும் ஒரு லிட்டருக்கு அது ஓடும் தூரத்தையே முதலில் கேட்டறிவோம்.