திறவாமலே சித்திரம் காண்பது

சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறியின் ஓசை கேளாத தெரு அரிது. பாவு நூலைப் பிறரிடம் பெற்றுக் கூலிக்கு நெய்து கொடுப்பதே இங்குப் பலருடைய வாழ்க்கை. அருகில் உள்ள திருப்பூரிலோ பனியன் துணியின்மேல் சித்திரம் அச்சிடும் பட்டறைகள் பல. இவ்விரு ஊர்களுக்கும் இடையே நூலும் துணியும் மட்டுமே போய்வந்த காலம் மாறிவிட்டது. இன்று டிசைன்களும் கணினிக் கோப்புகளாகப் போய்வருகின்றன. விவசாய அன்பர்கள் தேங்காயெண்ணெய்ப் புட்டிக்கும் மஞ்சள்தூள் பைக்கும் லேபிள் அடிக்க விரும்பினாலும் அதே கோப்புகளைத்தான் கையாள வேண்டியிருக்கிறது.

இங்கே ஓர் இடர்ப்பாடு நேருகிறது. அச்சுக்கு வந்த கோப்புறையில் இருபது கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். புகைப்படமாயின் கோப்புப் பட்டியலிலேயே சிறு உருவம் தெரியும். இவையோ எல்லாம் ஒரே முகத்துடன், வெறும் தாள் போன்ற குறியைக் காட்டி நிற்கின்றன. பெயர்களோ 'பூ-1', 'பூ-1 புதியது', 'பூ-1 கடைசி' என்றவாறு உள்ளன. வேலை அவசரத்தில் ஒன்றை ஊகித்து எடுத்து, பிலிம் போட்டு, ஸ்கிரீன் செய்து, துணியில் அச்சும் ஏறிவிடுகிறது. பிறகுதான் அது திருத்தத்திற்கு முந்திய டிசைன் என்பது தெரிய வருகிறது. அச்சேறிய துணி மீண்டும் வெண்துணி ஆகாது. அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை நம் உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலின், கோப்பைத் திறவாமலே அதனுள் இருக்கும் சித்திரத்தைக் காணும் வழி யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

கட்டத்தாளும் கோலமும்

கணினிச் சித்திரங்கள் இருவகைப்படும். முதல் வகை, ஜக்கார்டு நெசவுக்கு நாம் வரையும் கட்டத்தாளைப் போன்றது. எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கும். புகைப்படக் கோப்புகள் இவ்வகையின. இவற்றைப் பெரிதாக்கினால் கட்டங்கள் பல்லிளிக்கும்.

இரண்டாம் வகைக்கு வெக்டர் சித்திரம் என்று பெயர். இது வாசலில் இடும் புள்ளிக்கோலம் போன்றது. கோலம் கற்ற பெண்மணி மனத்தில் வைத்திருப்பது மாவுத்துகள்களின் கணக்கு அன்று. 'ஐந்து புள்ளி, ஐந்து வரிசை, இப்புள்ளியைச் சுற்றி அப்புள்ளிக்கு வளைவு' என்னும் விதியையே அவர் நினைவில் கொள்கிறார். அவ்விதியைக் கொண்டு சாணளவிலும் போடலாம், தெருவடைத்தும் போடலாம், வடிவம் கெடுவதில்லை. ஒரே சித்திரத்தைச் சட்டையின் கழுத்து லேபிளிலும் மார்பிலும் அச்சிட வேண்டிய தொழிலில் இவ்வகை சிறந்து நிற்பது இதனால்தான்.

கோட்டையும் வளைவையும் விதியாகக் கணினியில் வைக்கும் முறை புதியதன்று. 1963-ம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் ஐவன் சதர்லாந்து என்பவர் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் ஏற்பாட்டில் இதனைச் செய்து காட்டினார். பின்னர் அடோபி நிறுவனத்தாரின் இல்லஸ்ட்ரேட்டர் 1987-லும், கோரல்டிரா 1989-லும் வெளிவந்தன. உலகப் பொதுவான எஸ்.வி.ஜி. என்னும் முறை 2001-ல் நிலைபெற்றது. விலையின்றிக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் 2003-ல் தோன்றியது.

காட்டாத காரணம்

கட்டத்தாள் வகையைப் பட்டியலில் காட்டுவது எளிது. உள்ளதைச் சுருக்கினால் போதும். வெக்டர் வகையிலோ கோப்பினுள் இருப்பது விதியே. அதைப் படித்து, ஒரு முறை முழுக்க வரைந்து பார்த்த பின்னரே சிறுபடம் கிட்டும். அவ்விதியைப் படிக்கத் தெரிந்த துணைக் கருவி கணினியில் இல்லாவிடில் வெறுங்குறியே தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டுவதில்லை.

விண்டோஸ் கணினியில் எஸ்.வி.ஜி. கோப்புக்குச் சிறுபடம் தானாக வருவதில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனமே இலவசமாகத் தரும் 'பவர்டாய்ஸ்' என்னும் தொகுப்பில் 2020-ம் ஆண்டு முதல் இதற்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. அதை நிறுவி, கோப்பு உலாவிக்கான பகுதியில் எஸ்.வி.ஜி. என்பதை இயக்கிவிட்டால் பட்டியலிலேயே சித்திரம் தெரியும். ஆல்ட், பி ஆகிய இரு விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் வலப்புறத்தில் முன்காட்சிப் பலகை திறக்கும். மாக் கணினியில் கோப்பைத் தேர்ந்து இடைவெளி விசையைத் தட்டுவதே போதுமானது.

நம் இல்லங்களில் இன்னொரு வசதியும் கவனிப்பாரற்றுக் கிடக்கக்கூடும். தமிழக அரசு 2011-ம் ஆண்டு செப்டம்பரில் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயங்குதளமும் அவற்றில் அமைக்கப்பட்டிருந்தது. அது சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில் உருவானது. அதன் கோப்பு மேலாளர் எஸ்.வி.ஜி. சித்திரங்களைக் கேளாமலே காட்டும். பெரிய கோப்புகளுக்கு மட்டும் சிறுபடம் வராதிருக்கலாம். அமைப்புகளில் அளவு வரம்பை உயர்த்தினால் வரும். ஒரு முறை வரைந்த சிறுபடத்தை லினக்ஸ் தனியே சேமித்து வைக்கிறது. வரைய முடியாமற்போனதையும் குறித்து வைத்து, அக்கோப்பை மறுமுறை முயலாமல் விட்டுவிடும். ஆகவே துணைக் கருவியைப் பின்னர் நிறுவியும் படம் வராவிடில், அந்தச் சேமிப்பை அழித்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும்.

ஏ.ஐ., சி.டி.ஆர். கோப்புகள்

திருப்பூர்ப் பட்டறைகளில் புழங்கும் மற்ற இரு வகைகள் இவை. இல்லஸ்ட்ரேட்டரின் ஏ.ஐ. கோப்பைப் பி.டி.எஃப். இணக்கத்துடன் சேமித்திருந்தால், பி.டி.எஃப். படிக்கும் கருவி எதிலும் அது திறக்கும். கோரலின் சி.டி.ஆர். கோப்போ, பிற்காலப் பதிப்புகளில், ஒரு மூட்டை போன்றது. சித்திரத்தின் சிறு உருவமும் அதனுள்ளேயே கட்டி வைக்கப்பட்டிருக்கும். கோரல் நிறுவிய கணினியில் அது பட்டியலில் தெரியும். கோரல் இல்லாதவர் இங்க்ஸ்கேப்பில் திறந்து பார்க்கலாம். எனினும் சிற்சில நுணுக்கங்கள் மாறித் தோன்றக்கூடுமாதலால், அச்சுக்கு அதனை ஆதாரமாகக் கொள்ளலாகாது.

எச்சரிக்கை

முன்காட்சி என்பது வெளியில் நின்று எட்டிப் பார்ப்பது போலத் தோன்றினும், உண்மையில் கணினி அக்கோப்பைத் திறந்து படித்தே காட்டுகிறது. ஈ.பி.எஸ். கோப்பு ஒரு நிரலுக்கு ஒப்பானது; தீயோர் அதில் தீங்கான கட்டளைகளைப் புகுத்த இயலும். 2017-ம் ஆண்டு ஏப்ரலில் மைக்ரோசாப்ட் தன் ஆபீஸ் தொகுப்பில் ஈ.பி.எஸ். படங்களைச் செருகும் வசதியை நிறுத்தியது. அதைப் படிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் கருவியில் 2018 ஆகஸ்டில் கடுமையான ஓட்டைகள் வெளிப்பட்டன. 2025 அக்டோபர் முதல், இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளை விண்டோஸின் முன்காட்சிப் பலகை தானாகக் காட்டுவதில்லை. அறிந்தவர் அனுப்பியதுதான் என உறுதி செய்துகொண்டு, கோப்பின் பண்புகளுக்குச் சென்று தடையை நீக்கிய பின்பே அது காட்டும். தெரியாத இடத்திலிருந்து வந்த கோப்பின் தடையை அவசரப்பட்டு நீக்குவது, முகமறியாதவரிடம் கிடங்குச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, டிசைன் அனுப்புவோரிடம் ஒவ்வொரு வெக்டர் கோப்புடனும் அதே பெயரில் பி.என்.ஜி. அல்லது ஜேபெக் படம் ஒன்றையும் கேட்டுப் பெறுங்கள். எந்தக் கணினியும், கைபேசியும் அதனைக் காட்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

இரண்டாவது, 'கடைசி', 'புதியது' என்னும் பெயர்களை அறவே விலக்குங்கள். ஆண்டு, மாதம், தேதி, டிசைன் எண் என்ற வரிசையில் பெயரிட்டால் பட்டியல் தானே ஒழுங்குபடும்.

மூன்றாவது, சிறுபடத்தைக் கண்டு கோப்பைத் தேர்ந்தெடுக்கலாமேயன்றி, அச்சுக்கு ஒப்புதல் அளித்தலாகாது. நிறமும் அளவும் எழுத்துப் பிழையும் சிறுபடத்தில் புலப்படா. முழுக் கோப்பையும் திறந்து பார்த்து, தாளில் ஒரு படி எடுத்து, ஆர்டர் தந்தவரின் கையொப்பம் பெற்ற பிறகே ஸ்கிரீன் வேலையைத் தொடங்க வேண்டும். அக்கையொப்பத் தாள் பின்னால் எழக்கூடும் வழக்கில் நம்மைக் காக்கும்.

நான்காவதாக, தனித்தனியே இவற்றைச் செய்யக் கூடாதவர்களுக்குச் சங்கம் துணை நிற்கலாம். சங்க அலுவலகத்தில் கணினி ஒன்றை இதற்கென ஒதுக்கி, வரும் டிசைன்களைப் பதிவேட்டில் ஏற்றிச் சிறுபடத்துடன் காப்பது பெரும் பொருட்செலவாகாது. வீட்டுப் பிள்ளைகளில் கணினி அறிந்தவர்கள் உண்டு. அவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் உதவினாலும் போதும்.

நெய்வதற்குமுன் நூலைத் தொட்டுப் பார்ப்பதும், விதைப்பதற்குமுன் விதையைக் கையிலெடுத்துப் பார்ப்பதும் நம் முன்னோர் நமக்குப் பழக்கியவை. அச்சிடுவதற்குமுன் சித்திரத்தைக் கண்ணால் காண்பதும் அப்பழக்கத்தின் தொடர்ச்சியே. நம் உழைப்பின் கூலி பிறர் தவற்றால் குறையாதிருக்க, உறுப்பினர் யாவரும் இதனை இன்றே கைக்கொள்வார்களாக.