வறுத்த கீபோர்டு முளைத்த கதை!

எங்க ஊர் திருப்புட்குழியில் வறுத்த பயறு முளைக்கும் என்பார்கள். குழந்தை வரம் கேட்டு வரும் பெண்கள் மரகதவல்லித் தாயாரை வேண்டி, வறுத்து நனைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். காலையில் முளை விட்டிருந்தால் வரம் கிடைத்த மாதிரி. சென்னை ரிச்சி தெருவின் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சன் கம்பெனி கீபோர்டை முந்நூறு ரூபாய்க்கு நான் தூக்கி வந்ததும் சித்தப்பா சொன்னார்: ‘‘இது கருக வறுத்ததுடா. தாயாரே நினைச்சாலும் முளைக்காது!’’

வாங்கியதே அவருக்காகத்தான். சித்தப்பா தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். கண்ணை மூடிக்கொண்டு ‘யளனகப’ அடிப்பார். ஊரில் வயசான நெசவாளிகளுக்குப் பென்ஷன் மனு அவர் கையால்தான். டைப்ரைட்டர் கண்ணை மூட, என் லேப்டாப்பில் உட்கார வைத்தேன். சப்பைக் கட்டைகள், விரலுக்குப் பிடிபடவில்லை. ஒரு பாட்டியின் பெயரில் ஒரு எழுத்து மாறிப்போய், மனு திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து மனிதர் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

இந்த ‘டைப் 5’ கீபோர்டு 1990-களில் சன் வொர்க்ஸ்டேஷன்களோடு வந்தது. நல்ல உயரமான கட்டைகள். இடது ஓரத்தில் ‘ஸ்டாப்’, ‘எகெய்ன்’, ‘ஃப்ரன்ட்’ என்று பதினொரு கட்டை உபரி! ‘ஸ்டாப்’போடு ‘ஏ’யை அமுக்கினால் சன் மெஷின் அப்படியே நிற்கும். அந்த சன் கம்பெனியையே 2010-ல் ஆரக்கிள் வாங்கிவிட்டது.

சிக்கல் பின்னில் ஆரம்பித்தது. பழைய பி.சி. கீபோர்டுக்கு ஆறு பின், இதற்கு எட்டு. ஆறு ஓட்டையில் எட்டுக் கம்பி போகாது என்பது பி.காம். மூளைக்கே எட்டியது. அதைவிட, பேசும் பாஷையே வேறு சார்! நொடிக்கு 1200 பிட் வேகத்தில் நிதானமாகப் பேசும். ‘ஏ’யை அமுக்கினால் 77 என்று சொல்லும். விரலை எடுத்தால் அதோடு 128 கூட்டி 205. எல்லா விரலையும் எடுத்துவிட்டால், ‘இப்ப யாரும் இல்லை’ என்பதற்கு 127. நம்ம பி.சி.க்கு இது சுத்தமாகப் புரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர்தான் டிரைவர்.

லினக்ஸில் அந்த டிரைவர் இருக்கிறது. ‘சன்கேபிடி’ என்று பெயர். 1999-லிருந்து வொய்டெக் பாவ்லிக் என்கிற செக் நாட்டுக்காரர் எழுதியது. மொத்தமே சில நூறு வரி. முதலில் கீபோர்டுக்கு ‘1’ என்று அனுப்பும் (‘எழுந்திரு’ என்று அர்த்தம்). பதில் வந்தால், ‘நீ எந்த ரகம்?’ என்று விசாரிக்கும். சம்பந்தம் பேசுகிற மாதிரிதான்! டெக் கம்பெனியின் 1980-களின் கீபோர்டுக்கும் இதே மாதிரி ஒன்றை யான்-பெனடிக்ட் க்ளாவ் 2004-ல் எழுதி வைத்திருக்கிறார். நாம் எடைக்குப் போடுவதற்கெல்லாம் எங்கேயோ ஒருத்தர் ராத்திரி கண் விழித்திருக்கிறார்!

காஞ்சிபுரத்தில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் தம்பி, சீரியல் போர்ட்டுக்கு ஏற்ற மாதிரி ஒயர் சேர்த்துக் கொடுத்தான். முதல் ராத்திரி, மூச்சுப் பேச்சில்லை. சீரியல் போர்ட்டில் வந்திருப்பது கீபோர்டு என்று சிஸ்டத்துக்குச் சொல்ல ‘இன்புட்அட்டாச்’ என்ற குட்டி புரோகிராமை ஓட்டணுமாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள்! ஓட்டினேன். ‘ஏ’யைத் தட்டினேன். திரையில் ‘ஏ’!

தமிழுக்குப் பயந்துகொண்டிருந்தேன். அனாவசியம். டிரைவருக்கு எண்தான் தெரியும். அந்த எண் ‘அ’வா ‘ய’வா என்பதை மேலே வேறொரு அடுக்கு முடிவு செய்கிறது. 1999-ல் தமிழக அரசு அறிவித்த ‘தமிழ் 99’ அமைப்பும் அங்கே இருக்கிறது, பழைய டைப்ரைட்டர் அமைப்பும் இருக்கிறது. சித்தப்பா எதைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்கவே வேண்டாம்.

பாட்டியின் மனுவைத் திரும்ப அடித்தார். பெயரை மட்டும் மூன்று தரம் வாய்விட்டுப் படித்தார். சரியாக இருந்தது. கையெழுத்து வாங்கப் போகிறவர், வாசலில் நின்று திரும்பினார்.

‘‘ஏண்டா, வரி முடிஞ்சா டிங்குன்னு மணி அடிக்கலையே?’’

இந்தக் கீபோர்டுக்குள்ளேயே ஒரு மணி இருக்கிறது. ‘2’ அனுப்பினால் அடிக்கும், ‘3’ அனுப்பினால் நிற்கும். சொல்லித் தொலைத்துவிட்டேன். இப்போது தினமும் கேட்கிறார்.