கழிவுநீருக்கு வந்த கிராக்கி

வறட்சிக் காலத்தில் வீட்டுத் தோட்டங்களுக்கு இலவசமாக அள்ளிக் கொடுத்த நீர், சில ஆண்டுகளிலேயே கைக்கு எட்டாத சரக்காகிவிட்டது. கலிபோர்னியாவில் நடந்த இந்தக் கதையில் இந்திய நகரங்களுக்கும் சேதி இருக்கிறது.

கலிபோர்னியாவின் பிளசன்டன் நகரில் இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அதுவரை யாரும் ஆசைப்பட்டுப் போனதில்லை. 2014, 2015 ஆண்டுகளின் கோடையில் நிலைமை தலைகீழாக மாறியது. பிக்கப் டிரக்குகளும் கார்களும் அங்கே வந்து நிற்க ஆரம்பித்தன. டிரக்குகளின் முதுகில் கம்பிக் கூண்டுக்குள் அடங்கிய வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி. கார்களின் டிக்கியில் மூடி போட்ட கேன்கள். வந்தவர்கள் ஏழைகள் அல்லர். சான்பிரான்சிஸ்கோவிலும் சிலிக்கான் பள்ளத்தாக்கிலும் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு, புல்வெளியும் பூச்செடியுமாக வீடு வைத்திருப்பவர்கள். இந்தியர்களும் கணிசமாக வாழும் பகுதி அது.

தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசை வைத்துப் பழகிய சென்னைவாசிக்கு இந்தக் காட்சி வியப்பளிக்காது. ஆனால் பிளசன்டனில் பிடித்துப் போனது குடிதண்ணீர் அல்ல. அதே மக்களின் குளியலறையிலும் சமையலறையிலும் கழிப்பறையிலும் இருந்து வெளியேறி, சுத்தமாகித் திரும்பி வந்த நீர். அதற்குக் காசு கிடையாது.

பிளசன்டன் நிலையத்தை நடத்தும் டப்ளின்-சான் ரமோன் சேவை வாரியம் 2014 ஜூனில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்காரர்கள் நேரில் வந்து மறுசுழற்சி நீரைப் பிடித்துப் போகலாம் என்ற ஏற்பாடு கலிபோர்னியாவில் அதுவே முதல் தடவை. அக்கம்பக்கத்தில் லிவர்மோர் நகரமும், மார்ட்டினஸில் உள்ள சென்ட்ரல் கான்ட்ரா கோஸ்டா கழிவுநீர் வாரியமும் அதே வழியில் இறங்கின.

இதற்கு வழிகோலியது வறட்சி. 2012-ல் தொடங்கிய மழைப் பொய்ப்பு மூன்றாவது ஆண்டில் கழுத்தைப் பிடித்தது. 2014 ஜனவரி 17 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வறட்சி நெருக்கடி நிலையை அறிவித்தார். மாநிலத்தின் வடக்கிலிருந்து தெற்குக்குக் கால்வாய்களில் நீர் கொண்டு செல்லும் மாநில நீர்த் திட்டம், அந்த ஆண்டு ஒப்பந்த நகரங்களுக்குத் தரக்கூடிய அளவு பூஜ்யம் என்று அதே மாத இறுதியில் சொல்லிவிட்டது. அதன் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. பிறகு இரக்கப்பட்டு 5 சதவீதமாக உயர்த்தினார்கள். டப்ளின், பிளசன்டன் பகுதியின் தண்ணீரில் பெரும்பகுதி அந்தத் திட்டத்திலிருந்துதான் வருகிறது என்பதால் அடி அங்கே பலமாக விழுந்தது.

தண்ணீரை வீணடித்தால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம் என்று 2014 ஜூலையில் மாநில நீர் வாரியம் விதி கொண்டு வந்தது. மறு ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, சியரா நெவாடா மலையில் வழக்கமாக ஆளுயரப் பனி கிடக்க வேண்டிய ஓர் இடத்தில் வெறும் புல்தரையில் நின்றுகொண்டு, நகரங்கள் 25 சதவீதம் நீரைக் குறைத்தே தீர வேண்டும் என்று பிரவுன் உத்தரவிட்டார். மலைத்தொடரின் பனிச் சேமிப்பு அப்போது வழக்கமான அளவில் 5 சதவீதமே.

வெட்டு முதலில் விழுந்தது தோட்டத்தின் மேல். கலிபோர்னியாவின் புறநகர் வீடுகளில் செலவாகும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி, வீட்டுக்கு வெளியே புல்லுக்கும் செடிக்கும் போகிறது. புல் காய்ந்தால் அடுத்த மழையில் தளிர்க்கும். முப்பது ஆண்டு வளர்ந்த மரம் போனால் போனதுதான். மக்களைத் தொட்டியோடு கிளம்ப வைத்த கவலைகளில் இந்த மரக் கவலையும் ஒன்று.

அந்த நீர் எப்படித் தயாராகிறது? வழக்கமான முறையில் கசடு வண்டலாகப் படிய வைக்கப்படுகிறது. பிறகு காற்று செலுத்தி வளர்க்கப்படும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. பெரும்பாலான ஊர்களில் சுத்திகரிப்பு இதோடு முடிந்துவிடும். இங்கே மூன்றாவது கட்டமாக நீர் வடிகட்டப்பட்டு, புற ஊதாக் கதிர் பாய்ச்சப்பட்டு, மிச்சமிருக்கும் கிருமிகள் செயலிழக்கச் செய்யப்படுகின்றன. கலிபோர்னியாவின் சட்டம் இதற்கு வைத்திருக்கும் அளவுகோல் கறாரானது. 100 மில்லி லிட்டர் நீரில் கோலிபார்ம் பாக்டீரியாக்களின் இடைநிலை அளவு 2.2-ஐத் தாண்டக் கூடாது. கண்ணாடித் தம்ளரில் பிடித்து வைத்தால் குடிநீரோ என்று ஏமாறலாம்.

அந்த ஏமாற்றம்தான் அதிகாரிகளின் பயமும். எனவே சும்மா போய்க் குழாயைத் திறந்துவிட முடியாது. விண்ணப்பம் நிரப்பி, சின்னதாக ஒரு பயிற்சி பெற்று, விதிகளை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். பாத்திரத்துக்கு இறுக்கமான மூடி வேண்டும். ‘குடிக்காதீர்கள்’ என்ற எச்சரிக்கை அதில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு நடைக்கு 300 காலன், அதாவது சுமார் 1,135 லிட்டர் வரைதான். புல், மரம், பூச்செடிக்கு விடலாம். காய்கறிப் பாத்திக்கும் விடலாம். பறித்த காயைக் குடிநீரில் கழுவிவிட வேண்டும். நீச்சல் குளத்தில் ஊற்றக் கூடாது. வீட்டுக் குழாயோடு இணைக்கவே கூடாது. தெருச் சாக்கடையில் வழிய விடுவதும் குற்றம். காரணம், மழைநீர் வடிகால்கள் அங்கே நேராக ஓடைகளுக்குப் போகின்றன.

இவ்வளவு செலவழித்துச் சுத்தம் செய்த நீரை ஏன் இனாமாகக் கொடுக்க வேண்டும்? பதில் குழாயில் இருக்கிறது. மறுசுழற்சி நீருக்குத் தனிக் குழாய் தேவை. குடிநீரோடு கலந்துவிடாமலிருக்க அமெரிக்காவில் அதற்கு ஊதா நிறம். டப்ளின் வாரியமும் கிழக்கு விரிகுடா நகராட்சிப் பயன்பாட்டு வாரியமும் 1995-ல் ஒரு கூட்டு அமைப்பை ஏற்படுத்திப் பூங்காக்கள், பள்ளி மைதானங்கள், கோல்ப் திடல்கள், சாலை நடுவே உள்ள புல் திட்டுகளுக்கு ஊதாக் குழாய் போட்டன. ஒரு பூங்காவுக்கு ஓர் இணைப்பு கொடுத்தால் பல வீடுகள் குடிக்கும் அளவு நீர் மிச்சமாகும். ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவைத் தோண்டினால் கட்டுப்படியாகாது. அதனால் வீட்டுக்காரரே குழாயானார். நீர் வாரியத்துடையது, சுமை அவருடையது.

சுமை லேசானதல்ல. 300 காலன் நீர் ஒரு டன்னுக்கும் மேல். சாதாரண பிக்கப் டிரக்கே அந்தப் பாரத்துக்குத் திணறும். வண்டி வளைவில் திரும்பும்போது தொட்டிக்குள் நீர் அலைபாய்ந்தால் கவிழவும் கூடும். வீட்டுக்கு வந்த பிறகு நீரை இறைக்க மோட்டார், நீளமான ரப்பர் குழாய், அதை இழுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்ற ஒரு மாலைப் பொழுது. இதையெல்லாம் செய்ய முடியாதவர்களுக்காகக் கூலிக்கு நீர் கொண்டு வந்து கொட்டும் ஆட்களும் முளைத்தார்கள். இலவச நீருக்கு அவர்கள் வாங்கியது வண்டிச் சத்தம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்புதான் வரும். அதே 300 காலன் குடிநீரைக் குழாயில் பிடித்தால் சில டாலருக்கு மேல் ஆகாது. அதை மிச்சப்படுத்தப் பெட்ரோல் எரித்து, தொட்டி வாங்கி, சனிக்கிழமையைத் தொலைத்தார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பதிவு செய்துகொண்டன. அபராதமில்லாமல் மரத்தைக் காப்பாற்றலாம். பக்கத்து வீட்டார் முறைக்க மாட்டார்கள். எந்த நிபுணர் அறிக்கையாலும் சாதிக்க முடியாத ஒன்றும் நடந்தது. கழிவுநீர் என்றால் மூக்கைப் பொத்தியவர்கள் அதைக் கையால் தொட்டு, மோந்து பார்த்து, தங்கள் தக்காளிச் செடிக்கு ஊற்றினார்கள்.

2017 ஏப்ரலில் பெரும்பாலான மாவட்டங்களில் நெருக்கடி நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. இனிமேல்தான் திருப்பம். அங்கே மிச்ச நீர் என்று ஒன்று இருந்ததால்தான் அது இனாமாகக் கிடைத்தது. தோட்டங்களுக்குப் போகாத நீரைக் குன்றுகளைத் தாண்டிக் குழாயில் செலுத்தி சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கலப்பார்கள். கடலுக்குப் போவதைக் குடியிருப்பவர் கொண்டு போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஊதாக் குழாயின் முனைகள் ஆண்டுதோறும் பெருகின. புதுக் குடியிருப்புகளின் பொதுத் தோட்டங்கள் எல்லாம் அதில் சேர்ந்தன. வீட்டுக் கழிவு குளிர்காலத்திலும் கோடையிலும் ஒரே அளவில்தான் வரும். தோட்டம் கேட்பதோ கோடையில் மட்டும். குளிர்காலத்தில் வழியும் நீரைக் கோடைவரை தேக்கி வைக்க இடமில்லை. போதாக்குறைக்கு, வறட்சியில் சிக்கனம் பழகிய மக்கள் வீட்டுக்குள்ளும் குறைவாகத் தண்ணீர் செலவழிக்க, வெளியே வரும் கழிவும் குறைந்தது.

கோடைக்குக் கழிவுநீர் போதவில்லை. 2019-ல் மறுசுழற்சி நீருக்குப் புது இணைப்பு தருவதே நிறுத்தி வைக்கப்பட்டது. வீட்டுக்காரர்களுக்கான நிரப்பு நிலையமும் மூடப்பட்டது. 2021-ல் வறட்சி மறுபடி வந்தபோது அதைத் திறக்கச் சொல்லி டப்ளின்வாசிகள் கேட்டார்கள். வாரியம் இசையவில்லை. குழாய் போடப்பட்டு, கட்டணம் செலுத்தும் பூங்காக்களுக்கும் மைதானங்களுக்கும் முதல் உரிமை. அவர்களுக்கே தட்டும்போது இனாமுக்கு இடமேது என்பது வாரியத்தின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் 2014-ல் தொட்டி வாங்கிப் போட்டவருக்கு அது கசக்கவே செய்திருக்கும்.

இந்தியாவின் பிரச்சினை இதற்கு நேர் எதிர். இங்கே கழிவுநீருக்குப் பஞ்சமே இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி, நகரங்கள் நாள்தோறும் வெளியேற்றும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். மீதியெல்லாம் ஆற்றுக்கும் ஏரிக்கும் மண்ணுக்கும்.

சண்டிகர் இதில் விதிவிலக்காக முயன்ற நகரம். மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்த நீரைத் தனிக் குழாயில் பூங்காக்களுக்கும், ஒரு கனால் அல்லது அதற்கு மேல் மனை கொண்ட பெரிய வீடுகளின் புல்வெளிகளுக்கும் அது கொடுத்து வருகிறது. ஒரு கனால் என்பது அங்கே சுமார் 500 சதுர கஜம். கோடைக் காலைகளில் குடிநீரைப் புல்வெளிக்குப் பாய்ச்சினால் அபராதமும் உண்டு. ஆனால் நீர் நாறுகிறது என்ற புகார் பல ஆண்டுகளாக எழுந்து வந்திருக்கிறது. நாற்றமடிக்கும் நீரைத் தன் வீட்டு வாசலில் தெளிக்க யாரும் விரும்ப மாட்டார்கள். இனாமாகக் கொடுத்தாலும் சரி, காசு கொடுத்தாலும் சரி.

பெங்களூருவின் சிக்கல் இன்னும் வினோதமானது. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, தோட்டத்துக்கும் கார் கழுவவும் கட்டுமானத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அங்குள்ள குடிநீர் வாரியம் அறிவித்தது. குடிநீர் என்றால் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டு வரும் காவிரி. அதே நகரத்தின் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சொந்த சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. அவற்றின் நீர் தங்கள் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் போக மிஞ்சி, வாங்க ஆளில்லாமல் சாக்கடைக்குப் போவதுண்டு. சுத்திகரிக்கப்படாமல் தப்பும் கழிவு தென்பெண்ணையில் இறங்கி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது.

சுத்திகரித்த நீருக்கு அங்கே வேறொரு உரிமையாளரும் வந்தாகிவிட்டது. 2018-லிருந்து பெங்களூருவின் கோரமங்கல-செல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீர், இரண்டாம் கட்டம் வரை சுத்தமாகி, வறண்ட கோலார் மாவட்டத்தின் ஏரிகளை நிரப்பப் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு இல்லாமல் இந்த நீரை ஏரியில் விட்டால் நிலத்தடி நீர் கெடும் என்று ஒரு சாரார் எதிர்க்கிறார்கள். பல்லாண்டுகளாகக் காய்ந்து கிடந்த ஏரியில் தண்ணீரைக் கண்ட விவசாயிகளோ அதை விட மனமில்லாமல் இருக்கிறார்கள். அந்த நீரில் ஒரு பங்கை நகரத்துத் தோட்டங்களுக்குத் திருப்ப வேண்டும் என்று பெங்களூரு என்றைக்காவது முடிவு செய்தால், முதல் எதிர்ப்பு கோலாரிலிருந்துதான் கிளம்பும்.